பக்கம் திருப்புவதை எப்படிப் படம் எடுப்பது

என் அப்பா சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தால் கதையைப் பார்க்க மாட்டார். ஓரத்தைத் தடவிவிட்டு, "ஒன்றரை ஃபாரம்" என்பார். ஒரு ஃபாரம் என்றால் 16 பக்கம். ஒன்றரை என்றால் 24, இரண்டு என்றால் 32. படப் புத்தகங்கள் பெரும்பாலும் 24 பக்கத்திலோ 32 பக்கத்திலோ வந்து நிற்பது கதாசிரியர் முடிவு செய்ததல்ல, தாளை மடிக்கிற கணக்கு.

நான் அனிமேஷனுக்கு வந்து 15 வருடம் ஆகிறது. ஸ்டோரிபோர்டு, அதாவது படத்தை முன்கூட்டியே ஷாட் ஷாட்டாகக் கட்டங்களில் வரைந்து வைப்பதுதான் வேலை. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு 24 பக்கப் புத்தகத்தை 6 நிமிடப் படமாக எடுத்தோம். புத்தகத்தின் கதை இவ்வளவுதான்: ஒரு ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டதையெல்லாம் தின்கிறது. ஆச்சியின் பூச்சரம், சுவரில் ஒட்டிய போஸ்டர், கடைசியில் அந்த வீட்டுச் சிறுமியின் வீட்டுப்பாட நோட்டு. அதை எடுத்த அனுபவத்தை வைத்து, புத்தகத்தைப் படமாக்க நினைப்பவர்களுக்கு வழி சொல்கிறேன். மூன்று நான்கு பேர், கையில் காசு குறைவு, ஸ்டூடியோ கிடையாது என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் கோடு வரைவதற்கு முன்னால் உரிமை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். இந்த ஆட்டுக்குட்டிக்கு முன்பு வேறொரு புத்தகத்தில் மயங்கி, மூன்று மாதம் உட்கார்ந்து 140 கட்டம் ஸ்டோரிபோர்டு வரைந்துவிட்டு, அப்புறம்தான் பதிப்பகத்துக்கு எழுதினேன். பட உரிமையை ஏற்கெனவே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த 140 கட்டமும் இன்னும் பரணில் கிடக்கிறது.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. அதன்படி எழுத்துக்கு ஒரு உரிமை, ஓவியத்துக்கு ஒரு உரிமை. எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர் என்றால் இரண்டு பேரிடமும் போக வேண்டும், அல்லது இரண்டையும் பதிப்பகம் வாங்கி வைத்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காகிதத்தில் எத்தனை வருடம் என்று குறிக்காவிட்டால் சட்டம் 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எந்தெந்த நாட்டுக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வெளிநாட்டு விழாவுக்குப் படத்தை அனுப்ப ஆசைப்படுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுவார்கள். இன்னொன்று: வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகிவிடும். அனிமேஷனில் ஒரு வருடம் ஓடுவது தெரியவே தெரியாது. அதனால் காலத்தைத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

பழைய புத்தகமாக இருந்தால், ஆசிரியர் இறந்து 60 வருடம் வரை உரிமை உயிரோடு இருக்கும். இந்தத் தொல்லையே வேண்டாம், பழகிப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். தமிழிலும் நிறையப் படக்கதைகள் கிடக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், வரைந்தவர் பெயரை முறையாகப் போட்டுவிட்டு மாற்றி எடுக்கலாம். ஒவ்வொரு கதையோடும் அதன் உரிமம் போட்டிருக்கும், அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சரி, உரிமை கையில் வந்தாயிற்று. உடனே வரைய உட்காராதீர்கள். ஒரு ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை மடியில் உட்கார வைத்து, புத்தகத்தைச் சத்தமாகப் படியுங்கள். எங்கள் புத்தகத்தில் 212 சொற்கள்தான். நான் தனியாகப் படித்தபோது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. என் அண்ணன் மகளுக்குப் படித்தபோது ஒன்பது நிமிடம். மீதி ஏழு நிமிடமும் எங்கே போயின? அவள் ஒரு பக்கத்தைத் திருப்ப விடவில்லை. அடுத்ததை முன்கூட்டியே திருப்பினாள். பிறகு பின்னால் போய், "இங்க பூ இருந்துச்சுல்ல?" என்று சரிபார்த்தாள்.

நம் படம் அந்த ஏழு நிமிடத்துக்குள்தான் இருக்கிறது. புத்தகத்தில் நேரத்தை ஓட்டுவது குழந்தையின் கை. படத்தில் அந்தக் கையை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். பிடுங்கியதற்கு ஈடாக என்ன கொடுக்கப் போகிறோம் என்று யோசிப்பதுதான் மொத்த வேலையும்.

எங்கள் ஆட்டுக்குட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கத்தை விரிப்பு என்போம். ஒரு விரிப்பில் ஆச்சி பூக்கட்டுகிறார், ஆடு அருகில் நின்று பார்க்கிறது. பக்கத்தைத் திருப்பினால் ஆச்சி கையில் வெறும் நார், ஆட்டின் வாயோரத்தில் ஒரு கனகாம்பர இதழ். ஆடு தின்பதை ஓவியர் வரையவே இல்லை. புத்தகம் முழுக்க எங்கேயும் அது தின்பதைக் காட்டவில்லை. பக்கம் திரும்புகிற அந்த அரை நொடியில் குழந்தையே அதைத் தின்ன வைக்கிறது, சிரிக்கிறது.

இதைக் கவனிக்காமல் முதலில் நான் ஆடு தின்பதை வரைந்தேன். நாக்கை நீட்டி, பூவை ஒவ்வொன்றாக இழுத்து, தாடை பக்கவாட்டில் அரைக்க, 5 நொடி. நல்ல டிராயிங், நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் எட்டுக் குழந்தைகளுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினோம். ஒரு சத்தம் இல்லை. ஆடு பூத் தின்கிறது, ஆடு என்றால் தின்னும்தானே என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மாற்றினோம். ஆடு பூவைப் பார்க்கிறது. கேமரா ஆச்சியின் முகத்துக்குப் போகிறது. ஆச்சி பக்கத்து வீட்டம்மாவிடம் ஏதோ கதை பேசுகிறார். திரைக்கு வெளியே மென்று தின்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கேமரா திரும்பி வருகிறது: நார். மாடியே அதிர்ந்தது. பக்கம் திருப்புவதன் வேலையைக் கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்வது செய்துவிட்டது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாரைக் காட்டிவிட்டு 12 ஃப்ரேமில் ஆட்டின் முகத்துக்கு வெட்டினால் சிரிப்பு வரவில்லை. 30 ஃப்ரேம் அப்படியே நிறுத்தி வைத்தால் வந்தது. நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிற படத்தில், இடையிலுள்ள 18 ஃப்ரேம் என்பது முக்கால் நொடி. அந்த முக்கால் நொடிக்காக நாங்கள் மூன்று பேரும் இரண்டு நாள் சண்டை போட்டோம்.

ஆகவே, புத்தகத்தின் ஒவ்வொரு விரிப்பையும் சின்னதாக நகலெடுத்துச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். எங்களுக்குத் தலைப்புப் பக்கமும் கடைசிப் பக்கமும் போக 11 விரிப்பு. இரண்டு விரிப்புக்கு நடுவில் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி, 'இங்கே குழந்தை என்ன கற்பனை செய்கிறது?' என்று எழுதுங்கள். சில இடைவெளிகளைக் காட்டிவிட வேண்டியிருக்கும், சிலவற்றை மறைத்தே வைக்க வேண்டியிருக்கும். சில இடைவெளிகளில் ஒன்றுமே இருக்காது, அங்கே வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

கதையை நீட்டுவது பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை, ஆனால் எந்தத் திசையில் நீட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' 1978-இல் வந்த புத்தகம். அதில் ஒரு சொல்கூட இல்லை. 1982-இல் அது 26 நிமிடப் படமாக பிரிட்டனின் சேனல் 4-இல் வந்தது. புத்தகத்தில் பையனும் பனிமனிதனும் பறந்து கடற்கரை வரை போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். படத்தில் வடக்கே பறந்து போய்ப் பனிமனிதர்களின் கூட்டத்தில் ஆடுகிறார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்கிறார்கள். அவர் பையனுக்கு ஒரு மஃப்ளர் கொடுக்கிறார். தாத்தாவும் கிடையாது, மஃப்ளரும் கிடையாது புத்தகத்தில். இரண்டிலும் காலையில் பனிமனிதன் உருகிப் போயிருப்பான். ஆனால் படத்தில் பையனின் கையில் அந்த மஃப்ளர் தட்டுப்படுகிறது. நடந்தது கனவா என்று புத்தகம் வாசகரிடமே விட்ட கேள்விக்கு, படம் ஒரு பதில் சொல்லிவிட்டது. எனக்கு இது முழுச் சம்மதம் இல்லை. ஆனால் பேச்சே இல்லாமல் படத்தை நடத்தியதற்கு, பறக்கும்போது வருகிற ஒரே ஒரு பாட்டைத் தவிர, அவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

'தி க்ரஃபலோ' வேறு வழியில் போனது. 1999-இல் வந்த புத்தகம், சில நிமிடத்தில் படித்துவிடலாம். 2009-இல் 27 நிமிடப் படம். அதில் ஒரு தாய் அணில் தன் குட்டிகளுக்கு அந்தக் கதையைச் சொல்வதுபோல வெளியே இன்னொரு கதையைச் சட்டமாக மாட்டிவிட்டார்கள். கதைக்குள் கை வைக்காமலே நீளம் கிடைத்தது. ஆச்சி கதை சொல்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்களும் இதை யோசித்தோம். 6 நிமிடத்துக்குச் சட்டம் ஒரு பாரம் என்று விட்டுவிட்டோம்.

வசனத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 'ஆடு பசியோடு பார்த்தது' என்று புத்தகத்தில் ஒரு வரி. திரையில் ஆடு பசியோடு பார்க்கும்போது அதையே ஒரு குரலும் சொன்னால் குழந்தைக்குச் சலிப்பு. 212 சொல்லில் நாங்கள் வைத்துக்கொண்டது 61. ஆனால் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிற ஒரு வரி உண்டு, குழந்தைகள் கூடச் சேர்ந்து சொல்கிற வரி. அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இனி ஓவியம். கடையில் வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து வேலையை ஆரம்பிக்காதீர்கள். அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அச்சான படம் முழுக்க நான்கு வண்ணப் புள்ளிகள். ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் அந்தப் புள்ளிகள் அலை அலையாகக் கோலம் போடும். நடுவில் பைண்டிங் மடிப்பு ஒன்று விழுந்து, ஆச்சியின் மூக்கைத் தின்றுவிடும். ஓவியரிடம் அசல் தாளைக் கேளுங்கள். நாங்கள் அசல்களை 600 டிபிஐ-இல், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தோம். கூடவே அவர் பழைய தாள்களில் வண்ணம் சோதித்துப் பார்த்த கறைகளையும் வாங்கிக்கொண்டோம். அந்த நீர்வண்ணக் கறைகள்தான் படத்தில் சுவராகவும் மண்ணாகவும் வானமாகவும் ஆயின. கணினியில் புதிதாகப் போட்ட வண்ணம் எதுவும் அந்தத் தாளின் பக்கத்தில் நிற்கவில்லை.

அசல்களைப் பரப்பி வைத்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பக்கத்துக்குப் பக்கம் பெரிய வெற்றிடம், எழுத்து வருவதற்காக ஓவியர் விட்டது. எழுத்தை எடுத்துவிட்டால் அது ஓட்டை. புத்தகம் சதுரம், திரை அகலம், அதனால் ஓட்டை இன்னும் பெரிதாகும். அதை மரம் செடி போட்டு நிரப்பிவிடலாம் என்றுதான் கை போகும். கையைக் கட்டிக்கொண்டு, அந்த இடத்தை அசைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆடு ஓடிப்போக இடம் கொடுத்ததே அந்த வெற்றிடங்கள்தான்.

இரண்டாவது விஷயம்தான் எங்களைத் திணற வைத்தது. 11 விரிப்பிலும் ஆடு வலது பக்கம் பார்த்தே நிற்கிறது. தமிழ் இடமிருந்து வலமாகப் படிக்கிற மொழி, பக்கத்தை வலது ஓரத்தில் பிடித்துத்தான் திருப்புகிறோம், அதனால் பாத்திரங்களும் அந்தப் பக்கமே போகும். ஓவியர்களுக்கு இது கையிலேயே ஊறியது. படத்திலோ ஆடு திரும்ப வேண்டும், பின்பக்கம் காட்டி ஓட வேண்டும். அதன் வலது விலாவில் பழுப்புத் திட்டு ஒன்று உண்டு. இடது விலாவில் என்ன இருக்கிறது? ஓவியர் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்துவிட்டு, "அந்தப் பக்கத்தை நானே பார்த்ததில்லையே" என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடமே விட்டுவிட்டார். பின்னங்காலுக்கு மேலே, சின்னதாக ஒரு திட்டு வைத்தோம்.

இதற்காகத்தான் மாடல் ஷீட். ஒவ்வொரு பாத்திரத்தையும் முன்னால், பக்கவாட்டில், முக்கால் வாகில், பின்னால் என்று வரைந்து, பக்கத்தில் மற்ற பாத்திரங்களை நிறுத்தி உயரத்தை அளந்து வைத்துக்கொள்வது. புத்தகத்தில் ஆடு ஒரு பக்கத்தில் பூனை அளவு, இன்னொரு பக்கத்தில் சிறுமியின் இடுப்பு வரை. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். படத்தில் அடுத்தடுத்த ஷாட்டில் வந்தால் மூன்று வயதுக் குழந்தைகூடக் கேட்டுவிடும்.

ஸ்டோரிபோர்டு கட்டங்களை நேரம் போட்டு வரிசையாக ஓட்டி, தற்காலிகக் குரலைச் சேர்த்தால் அது அனிமாட்டிக். மேலே சொன்ன மொட்டை மாடிக் கூத்தெல்லாம் அனிமாட்டிக்கில்தான் நடந்தது. அனிமேஷனைத் தொடங்குவதற்கு முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுங்கள். நாங்கள் ஏழு தடவை மாற்றினோம். பெரியவர்களுக்குக் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார்கள். குழந்தைகளிடம் கருத்தே கேட்க வேண்டாம். எந்த நொடியில் திரையை விட்டுக் கண் விலகுகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குரலை அனிமேஷனுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வாயசைவும் மூச்சும் அதிலிருந்துதான் வரும். எங்கள் சிறுமிக்குக் குரல் கொடுத்தது ஏழு வயதுப் பெண். வசனத்தைக் கையில் கொடுத்தால் பள்ளிக்கூட ஒப்புவிப்பு மாதிரி வந்தது. அவளுடைய நோட்டை ஒளித்து வைத்துவிட்டு "ஆடு தின்னுடுச்சு" என்றோம். ஒரே டேக். ஆட்டுச் சத்தத்துக்குத் திருத்தங்கலில் அத்தை வீட்டுக்குப் போனோம். பக்கத்தில் எங்கோ வெடி போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததால் காலை முழுக்க வீண். மத்தியானம் வெடி ஓய்ந்த நேரம், அத்தையின் வெள்ளாடு மைக்கில் மாட்டியிருந்த பஞ்சு உறையை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்துவிட்டது. நண்பன் பதறாமல் பதிவை ஓடவிட்டான். ஆச்சியின் பூச்சரத்தைத் தின்கிற சத்தம் உண்மையில் அந்தப் பஞ்சுதான்.

அனிமேஷன் பற்றிக் கணக்கு மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் கை பழகப் பழக வரும். 6 நிமிடம் என்பது 360 நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம், ஆக 8,640. ஒரு டிராயிங்கை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினால், நாங்கள் ஆன் டூஸ் என்போம், 4,320 டிராயிங். ஒருவர் நாளுக்கு 25 சுத்தமாக வரைந்தால் 173 நாள். அதுவும் திரையில் ஒரு பாத்திரம் மட்டும் இருந்தால். கையை விட்டுவிடலாம் போலத் தோன்றும் இடம் இது. ஆனால் எல்லாம் எப்போதும் அசைய வேண்டியதில்லை. ஆடு அசையாமல் நின்று கண்ணை மட்டும் உருட்டுவது, அது துள்ளுவதைவிட வேடிக்கை. உடம்பு ஒரு லேயர், காது ஒரு லேயர், தாடை ஒரு லேயர் என்று பிரித்தால் தாடையை மட்டும் மாற்றி வரையலாம். நடை ஒன்றை ஒழுங்காக வரைந்துவிட்டால் நான்கு ஷாட்டுக்கு வரும். நாங்கள் 1,900 டிராயிங்கில் முடித்தோம். செலவில்லாத மென்பொருளே போதும்: வரைய கிரிட்டா, அசைக்க ஓப்பன்டூன்ஸ், சேர்க்க பிளெண்டர். எதில் வேண்டுமானாலும் செய்யலாம், மாதாமாதம் பணம் கட்டுகிற மென்பொருளை வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கடைசி வேலைகளில் இசை, வண்ணச் சமன், சத்தக் கலவை எல்லாம் வரும். அவற்றுக்குத் தெரிந்தவர்களைப் பிடியுங்கள். நீங்கள் மறக்கக் கூடாதது: எழுத்தும் கதைசொல்லிக் குரலும் இல்லாத ஒரு பிரதியைத் தனியே எடுத்து வையுங்கள். நாளைக்கு வேறு மொழியில் கேட்டால் அது இல்லாமல் முழி பிதுங்கும். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் படத்தின் தொடக்கத்திலேயே, இயக்குநர் பெயருக்கு முன்னால் வரட்டும்.

படத்தை முடித்து ஓவியர் அக்காவுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டு, பூச்சரம் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார், வேறொன்றும் சொல்லவில்லை. போன வருடம் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். கடைசிப் பக்கத்துப் படத்தை மாற்றி வரைந்திருக்கிறார். ஆடு இடது பக்கம் பார்த்து, பழைய பக்கங்களை நோக்கித் திரும்பி நடக்கிறது. பின்னங்காலுக்கு மேலே, சின்னதாக ஒரு பழுப்புத் திட்டு.